அம்மாவை ஏன் சாட்சியில் சேர்க்கவில்லை?

கேள்வி: அப்பா இறந்த பிறகு எனக்கும் அண்ணனுக்கும் கிணற்று மோட்டார் முறையில் தகராறு. போன வாரம் அண்ணன் மண்வெட்டிக் காம்போடு வந்து என் தோளில் அடித்தார். பிடுங்கி நானும் அடித்தேன். இடது முன்கை எலும்பு முறிந்து ஜி.எச்.சில் இருக்கிறார். என் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். நானும் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (காயத்தை டாக்டர் எழுதும் பதிவேடு) போட்டு கவுண்டர் கேஸ் கொடுத்திருக்கிறேன். சத்தம் கேட்டு ஓடிவந்த மைத்துனரும் எதிர்வீட்டுக்காரரும் முதலிலிருந்தே பார்த்ததாகச் சாட்சி சொல்கிறார்கள். அம்மா திண்ணையில்தான் இருந்தார். வயதானவரை அலையவிட வேண்டாம் என்று சேர்க்கவில்லை. தற்காப்பு என்றால் எடுபடுமா? ஸ்டேஷனில் என்ன சொல்ல வேண்டும்?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி பக்கம்

பதில்: அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்ததா தம்பி? அவர் கண்ணெதிரே இரண்டு பிள்ளைகளும் காம்பைப் பிடித்து இழுத்தபோது அந்த வயது எங்கே போயிருந்தது? நடந்ததை முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரை விட்டுவிட்டு, பார்க்காத இரண்டு பேரைப் பார்த்தவர்களாக்கியிருக்கிறீர்கள். அலைச்சல் என்பது சாக்கு. பெண்களை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரவழைக்கக்கூடாது, இருக்கும் இடத்துக்கே போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவே சொல்கிறது. அம்மா வாயைத் திறந்தால் என்ன வரும் என்ற பயம்தான் உங்களுக்கு.

கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டதுதான் வரும். காம்பு உங்கள் கைக்கு வந்த பிறகு அண்ணன் மேலே பாய்ந்தாரா, பின்வாங்கினாரா? எத்தனை அடி அடித்தீர்கள்? முன்கை எலும்பு பல நேரம் எப்படி முறிகிறது தெரியுமா? தலைக்கு வருகிற அடியைத் தடுக்க, வெறுங்கையைத் தூக்கும்போது. எக்ஸ்ரே பார்த்த டாக்டரிடம் அரசு வக்கீல் இதைத்தான் கேட்பார்.

தற்காப்பு எடுபடவே படாது என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை அதற்கென்றே பிரிவுகள் உண்டு. ஆபத்து வருகிறது என்ற நியாயமான பயம் தோன்றும்போது அந்த உரிமை பிறக்கிறது. பயம் தீர்ந்ததும் முடிந்துவிடுகிறது. அடி வாங்குகிறவன் தராசில் நிறுத்துத் திருப்பி அடிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. காம்பைப் பிடுங்கிய பிறகும் அண்ணன் உங்கள் கழுத்துக்கு வந்தார் என்றால் சட்டம் உங்கள் பக்கம். ஓய்ந்து நின்றவரை ஆத்திரத்தில் அடித்திருந்தால் அது தற்காப்பு இல்லை. எலும்பு முறிவு கொடுங்காயம். 117(2)-இல் ஏழு ஆண்டு வரை போகலாம். காம்பை ஆபத்தான ஆயுதம் என்று சொல்லி 118(2) போட்டால் ஜாமீனுக்கே அலைய வேண்டியிருக்கும்.

தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அரசுத் தரப்பு அளவுக்கு ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை; அப்படித்தான் நடந்திருக்கும் என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். உங்கள் தோள் வீக்கம் அதற்குப் பெரிய பலம். ஏ.ஆரில் யார், எதனால், எப்போது அடித்தார் என்று நீங்கள் சொன்னதை டாக்டர் எழுதியிருப்பார். அந்த உண்மையான காயத்துக்குப் பக்கத்தில் இரண்டு பொய்ச் சாட்சியைக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்களே! குறுக்கு விசாரணையில் அவர்கள் உளறினால் வீக்கத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். கோர்ட்டில் பொய்ச் சாட்சிக்கும் ஏழு ஆண்டு வரை உண்டு. மைத்துனர் ஜெயிலுக்குப் போனால் உங்கள் மனைவிக்கு யார் பதில் சொல்வது?

ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தால் ஒளியாதீர்கள், வக்கீலோடு போங்கள். போவதற்கு முன் அவரிடமாவது எல்லா அடியையும் எண்ணிச் சொல்லுங்கள். ‘நான் தொடவே இல்லை, அவரே விழுந்தார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அடிக்கவே இல்லை என்றவன் தற்காப்புக்காக அடித்தேன் என்று பிறகு சொன்னால் யார் நம்புவார்? விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ரைட்டர் வெற்றுத்தாளை நீட்டினால் கண்டிப்பாகப் போடாதீர்கள். சாட்சி விஷயத்தை வக்கீலிடம் உடைத்துச் சொல்லி அந்த இரண்டு பேரையும் திருத்திச் சொல்ல வையுங்கள்: சத்தம் கேட்டு வந்தோம், வந்தபோது இதைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். போலீஸ் கேட்டால் பார்த்ததை அவர் சொல்லட்டும். அது உங்களுக்கு எதிராக இருந்தாலும் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை மேல் பொய் சொல்லச் சொல்கிற பாவம் வேண்டாம். 117(2) வழக்கென்றால் அண்ணன் சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால் சமரசம் செய்துகொள்ள வழி இருக்கிறது. நேரே ஜி.எச்.சுக்குப் போய் நிற்காதீர்கள், மிரட்டினான் என்று இன்னொரு புகார் வரும். தாய்மாமன் இருந்தால் அவரை அனுப்புங்கள். முதலில் அடித்தது அண்ணன்தான். இருந்தாலும் கை தேறும்வரை அவர் வயலுக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டியது நீங்கள்தான் என்பேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பாய்ச்சுங்கள்.

மோட்டார் முறையைப் பற்றி அப்புறம் எழுதுங்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.