திருமணம் செல்லாவிட்டால் உரிமையும் செல்லாதா?

கேள்வி: எங்கள் ஊரில் 24 வயதுப் பெண் ஒருத்தி, தோழியோடு சேர்ந்து வாழப்போகிறேன் என்று எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போய்விட்டாள். வீட்டார் 'காணவில்லை' என்று புகார் கொடுக்க, போலீஸார் போய்க் கூட்டிவந்து பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். தன்பாலினத் திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு, இதில் போலீஸ் மீது என்ன தப்பு?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: பெரிய தப்பு இருக்கிறது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் பாதியை விட்டுவிட்டீர்கள். தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தருவது தங்கள் வேலையல்ல என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டது உண்மை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் விரும்பிய துணையோடு சேர்ந்து வாழும் உரிமையை அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. மிரட்டல் வந்தால் அரசு பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னது. வயதுவந்த தன்பாலினத்தவர் இருவர் சம்மதித்து உடலுறவு கொள்வது குற்றம் என்ற, இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6 அன்றே விலகிவிட்டது. குற்றமும் இல்லை, ஆள் மைனரும் இல்லை. பிறகு எந்தச் சட்டத்தின் பேரில் அந்தப் பிள்ளையை ஜீப்பில் ஏற்றினார்கள்?

இப்படிப்பட்ட புகார்களில் என்ன செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்றே உத்தரவிட்டார். தேடப்படுபவர்கள் விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் மேஜர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். 'குணப்படுத்துகிறேன்' என்று மருத்துவம் பார்ப்பதையும் அதே உத்தரவு தடுத்தது. வீட்டார் இப்போது அவளை எங்கே கூட்டிப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் சட்டம் வேறு அல்ல. பெற்றோர் பிரித்துவைத்த பெண்ணை வரவழைத்து, அவள் விருப்பத்தைக் கேட்டுத் துணையோடு அனுப்பியது கேரள உயர் நீதிமன்றம், 2022 மே 31 அன்று. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வேலூர் வழக்கு நீங்கள் சொல்வதைப் போன்றதே. 25 வயதுப் பெண்ணைப் பெற்றோரோடு போகக் கட்டாயப்படுத்திய போலீஸை நீதிபதிகள் கண்டித்தார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதினார்கள். அவளுக்குப் பாதுகாப்புத் தரவும் உத்தரவிட்டார்கள்.

வாரிசுரிமை, தத்தெடுப்பு எல்லாம் இன்னும் இழுபறிதான். ஆனால் எங்கே, யாரோடு வாழ்வது என்பது அவள் முடிவு.

தோழி செய்யக்கூடியது ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் மனு. நம் குமரி மாவட்டத்துக்கு, அதைப் போடுவது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் நெறிமுறை வகுத்திருக்கிறது: மனு போடுபவர் என்ன உறவு என்று துருவக் கூடாது, பெற்றோரோ போலீஸோ அருகில் இல்லாமல், நீதிபதி அந்தப் பெண்ணிடம் தனியே பேசி விருப்பத்தை அறிய வேண்டும். அந்த வழக்கில் பெற்றோரோடு இருப்பதாகப் பெண்ணே சொன்னதால் நீதிமன்றம் அதை ஏற்றது. இங்கேயும் அவள் வாயால் வரட்டும்.

பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. அதற்கான உதவி எண் 15100. தோழியைத் தெரியும் என்றால் இன்றே அவரிடம் இதைச் சொல்லுங்கள்.