சனி தெரிகிறது, ஆண்ட்ரோமெடா எங்கே போச்சு?

கேள்வி: வாய் அகலம் 5 இன்ச் உள்ள டெலஸ்கோப் வாங்கி மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன். நிலாவின் பள்ளங்களும் சனியின் வளையமும் அருமையாகத் தெரிகின்றன. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைத் தேடியதில் கழுத்து வலிதான் மிச்சம். 8 இன்ச்சுக்கு மாறலாமா, ஒளி மாசு ஃபில்டர் போதுமா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டும் வேண்டாம், பணம் உங்களிடமே இருக்கட்டும். சனியும் நிலாவும் பளிச்சென்றவை, தெருவிளக்குகளால் அவற்றுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆண்ட்ரோமெடா அப்படியில்லை, அதன் ஒளி ஆறு முழுநிலா அகலத்துக்குப் பரந்து கிடப்பதால், ஊர் வெளிச்சம் தூசியிலும் ஈரத்திலும் பட்டு வானமே வெளுத்துப்போகும்போது, நடுவில் ஒரு மங்கலான திட்டு தெரிந்தாலே அதிகம். பெரிய பாத்திரம் வைத்தால் மழைத்தண்ணீரோடு கூரை அழுக்கும்தானே கூட வரும்? 8 இன்ச்சும் அப்படித்தான், வானத்து வெளுப்பையும் சேர்த்தே அள்ளும்.

ஃபில்டர் கதை வேறு. மஞ்சள் சோடியம் விளக்குக் காலத்தில் அந்த மஞ்சளை மட்டும் வெட்டினால் ஓரளவு பலன் இருந்தது. இப்போதுள்ள வெள்ளை எல்இடி எல்லா நிறத்தையும் கலந்து கொட்டுகிறது, கேலக்ஸியின் ஒளியும் எல்லா நிறமும் கலந்ததுதான், எதை வெட்டுவது?

இன்னொன்று, உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் ஆண்ட்ரோமெடா உச்சிக்கு வடக்கே சாய்ந்துதான் போகும், அந்தப் பக்கம்தான் மொத்த சென்னையும் எரிகிறது! ஓரையன் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) உச்சிக்குத் தெற்கே, நல்ல உயரத்தில் வரும். ஜனவரியில் இரவு பத்து மணிக்கு மேல் அதைப் பாருங்கள், தாம்பரத்திலிருந்தே தெரியும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் அங்கிருந்தே தெரியும்.

சரி, ஆண்ட்ரோமெடாதான் வேண்டுமென்றால், மழை தூசியைக் கழுவிவிட்ட மறுநாள், நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். உங்களிடம் இருப்பதிலேயே குறைந்த உருப்பெருக்கம் தரும் ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை, போடுங்கள் (பலர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள், பெரிதாக்கினால் தெரியும் என்று). பக்கத்து வீட்டு விளக்கு கண்ணில் படாமல் தலையோடு கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, கண் இருட்டுக்குப் பழகப் போனைத் தொடாமல் அரை மணி நேரம் இருங்கள். மாடியில் யாராவது பார்த்தால் பயப்படுவார்கள், பரவாயில்லை.

அப்புறம், 8 இன்ச்சுக்கு வைத்திருந்த காசில் கொஞ்சம் எடுத்து ஜவ்வாது மலைக்கு ஒரு நடை போய்வாருங்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் காவலூர் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது, சும்மாவா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? இருட்டான மலையில் ஆண்ட்ரோமெடாவைப் பார்க்க வெறும் கண்ணே போதும், உங்கள் 5 இன்ச்சையும் மறக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.