போல்ட் தலையில் என்ன எழுதியிருக்கிறது? பழைய போர்ஷே கேள்வி பதில்

போர்ஷேயின் பழைய கார்களான 356, ஆரம்பகால 911 இரண்டிலும் சின்னச் சின்ன உதிரிகள் அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனப் பலர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 1957 மாடல் 356 ஏ ஒன்று பார்த்திருக்கிறேன். போல்ட் தலைகளில் எல்லாம் 8.8 என்று இருக்கிறது. அசல்தானா?

பதில்: இல்லை தம்பி. அந்தக் காலத்து ஜெர்மன் போல்ட்டில் வலுவைக் குறிக்க 8ஜி, 10கே என்றுதான் அடித்திருப்பார்கள். 8.8, 10.9 எல்லாம் பிறகு வந்த முறை. 8ஜி-யும் 8.8-ம் ஏறக்குறைய ஒரே வலு, அதனால் ஓட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்த போல்ட் காரோடு பிறந்ததில்லை. அதற்காகக் காரையே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். இந்த வண்டியில் கிளட்ச் மாற்றக்கூட எஞ்சினை இறக்க வேண்டும், இத்தனை வருடத்தில் நாலு போல்ட் மாறாமல் இருக்குமா? யாரும் அடிக்கடி கை வைக்காத இடமாகப் பாருங்கள், ஸ்டியரிங் பெட்டி, பெட்ரோல் டேங்க் பக்கம். அங்கே பழைய அழுக்கோடு 8ஜி உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்தக் கார்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

கேள்வி: சில தலைகளில் காமாக்ஸ், சிலவற்றில் வெர்பஸ். கலந்திருக்கலாமா?

பதில்: தாராளமாக. இரண்டுமே ஜெர்மன் போல்ட் பெயர்கள். வெர்பஸ், நாய்ஸ் ஊரிலிருந்த பவர் உண்ட் ஷவுர்ட்டே கம்பெனியுடையது; அறுகோண முனையுள்ள ஆலன் சாவியை ஜெர்மன்காரர்கள் இன்றும் இன்பஸ் என்று சொல்வதும் அந்தக் கம்பெனி வைத்த பெயரால்தான். கார் முழுக்க ஒரே பெயர், ஒரே பளபளப்பு என்றால்தான் நான் யோசிப்பேன்.

கேள்வி: என் 911-ல் விடிஓ (ஜெர்மன் மீட்டர் கம்பெனி) கடிகாரத்தின் பின்னால் இருக்கும் தேதி, கார் தயாரான மாதத்துக்கு மூன்று மாதம் பிந்தியது.

பதில்: அப்படியானால் அது மாற்றிய கடிகாரம், சார். உதிரி முதலில் பிறந்து, அப்புறம்தானே கார் பிறக்கும்? தேதி ஒன்றிரண்டு மாதம் முந்தியிருந்தால் சரி. மற்ற மீட்டர்களையும் கழற்றி ஒப்பிடுங்கள், எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: 1967 மாடல் 911 எஸ்-ல் ஆறு அங்குல அகல ஃபுக்ஸ் கம்பெனி அலாய் சக்கரம் இருக்கிறது. அசலா?

பதில்: பின்னால் போட்டது. அந்த வருடம் வந்தது நாலரை அங்குல அகலம். 1968-க்கு ஐந்தரை, 1969-க்குத்தான் ஆறு. சக்கரத்தின் உட்புறம் தேதி அடித்திருக்கும், பாருங்கள்.

கேள்வி: பழைய போல்ட்டெல்லாம் மங்கிப்போயிருக்கிறது. புதிதாக மாற்றிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! அந்த மங்கிய பூச்சு, காட்மியம் என்ற உலோக முலாமாக இருக்கலாம். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் துத்தநாக முலாம், பார்த்தவுடனே தெரிந்துவிடும். மரை கெட்டுப்போனதை, பிரேக், சஸ்பென்ஷனில் சந்தேகமானதை மட்டும் மாற்றுங்கள், அங்கே அசலைப் பார்க்கக் கூடாது. கழற்றியதை எந்த இடத்தது என்று எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள், விற்கும்போது காரோடு கொடுங்கள். இன்னொன்று, காட்மியம் நஞ்சு. உப்புத்தாளோ கம்பி பிரஷோ போட்டுத் தேய்க்காதீர்கள், தூசி நுரையீரலுக்குப் போகும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.