ஹெட்லைட் மங்கலா எரியுதா? பல்ப் வாங்கும் முன் கண்ணாடியைப் பாருங்க

கேள்வி: 2014 வேகன்ஆர் வைத்திருக்கிறேன். ராத்திரி தாராபுரம்–பழனி ரோட்டில் டிம் போட்டு ஓட்டினால் பள்ளம் கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது. மெக்கானிக் எல்.ஈ.டி. போடச் சொல்கிறார். சாதாரண பல்ப்பையே வாங்கி வீட்டில் நானே மாற்ற முடியுமா?

தாராளமா மாற்றலாம், ஸ்பேனர்கூட பெரும்பாலும் தேவைப்படாது. ஆனா அதுக்கு முன்னாடி பகல் வெளிச்சத்துல ஹெட்லைட் கண்ணாடியைப் பாருங்க. பேச்சுக்குத்தான் அது கண்ணாடி, உண்மையில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வருஷக்கணக்கா வெயில் பட்டு மஞ்சளாகிப் புகை படிஞ்ச மாதிரி இருந்தால், உள்ளே எந்த பல்ப் போட்டாலும் பாதி வெளிச்சம் அங்கேயே நின்றுவிடும். 1000, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையால் பாலிஷ் போடணும். மேலே யு.வி. கோட்டிங் அடிக்காமல் விட்டால் சில மாசத்தில் மறுபடி மஞ்சளாகும். டூத்பேஸ்ட் வைத்தியமும் இதே கதைதான். இன்னொன்று, ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட குமிழ் இருக்கும். பின்னால் லோடு ஏற்றும்போது லைட்டைக் கீழே இறக்குவதற்கானது அது. யாரோ அதை 3-ல் வைத்துவிட்டுப் போயிருந்தால் வெளிச்சம் பம்பருக்கு முன்னாலேயே விழும், நாம பல்ப்பைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டும் சரியா இருந்தால் பல்ப்புக்கு வாங்க. உங்களுக்கு வேண்டியது எச்4 வகை பல்ப், 12 வோல்ட், 60/55 வாட். டிம்முக்கு 55, பிரைட்டுக்கு 60. பழைய பல்ப்பின் அடியிலேயே பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்க. ஜோடியா மாற்றுங்க, ஒன்று மங்கிவிட்டால் இன்னொன்றும் அதே வயசுதான். கடையில் 100/90 வாட் எடுத்து நீட்டுவார்கள், வேண்டாம். அந்த ஒயரிங் அவ்வளவு கரண்டுக்குப் போட்டதல்ல, பல்ப்பின் பின்னால் ஒயரை மாட்டும் பிளக்கான கப்ளர் உருகிவிடும். நீலச் சாயம் பூசின பல்ப் பார்க்கத்தான் வெள்ளை, அந்தச் சாயமே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

எல்.ஈ.டி. பற்றி என் கருத்து: இந்த காருக்குப் போடாதீங்க. உள்ளே வெளிச்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர், எச்4-இன் இழை சரியா எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் பண்ணிச் செய்தது. டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடு மறைப்பா இருக்கும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் தடுப்பது அதுதான். எல்.ஈ.டி.யில் ஒளி வரும் இடமே மாறிவிடுவதால் பெரும்பாலும் கிட்டத்தில் பளீரென்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது, எதிரே வரும் பைக்காரருக்கோ கண் கூசும்.

மாற்றும் முன், சமதரையில் ஒரு சுவரைப் பார்த்து காரை நிறுத்தி, டிம் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்க. லைட்டை அணைத்து, சூடு ஆறட்டும். பானட்டைத் திறந்து கப்ளரை நேராகப் பின்னால் இழுங்க, ஒயரைப் பிடித்து இழுக்காதீங்க. ரப்பர் மூடியைக் கழற்றினால் ஒரு கம்பி கிளிப் தெரியும். அதை உள்ளே அழுத்திப் பக்கவாட்டில் விலக்கினால் பல்ப் கையோடு வந்துவிடும். புதுசின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கையில் இருக்கும் எண்ணெய்ப் பசை அந்த இடத்தை மட்டும் அதிகம் சூடாக்கி பல்ப்பின் ஆயுளைக் குறைக்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் போடுங்க. பல்ப்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதுகளில் அகலமானது மேலே வரணும், ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும், உட்காரவில்லை என்றால் அழுத்தாமல் எடுத்துத் திருப்பிப் பாருங்க. ரப்பரை நன்றாக ஒட்டி மூடுங்க, மழைத் தண்ணீர் போனால் ரிஃப்ளெக்டர் பாழ். அப்புறம் சுவரில் குறித்த கோட்டோடு ஒப்பிடுங்க. வெளிச்சம் ஏறியோ இறங்கியோ இருந்தால் பல்ப் கோணலா உட்கார்ந்திருக்கும், கழற்றி மறுபடி மாட்டணும்.

இத்தனைக்குப் பிறகும் மங்கல் என்றால் கரண்ட் சரியா வரவில்லை. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். இன்ஜினை ஓடவிட்டு, லைட் எரியும்போதே பேட்டரியிலும் கப்ளரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க. ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்கம் மட்டும் மங்கலானால் எர்த் ஒயர் துருவையும் கப்ளர் பின்னையும் சுத்தம் பண்ணுங்க, இரண்டு பக்கமும் என்றால் எலக்ட்ரீஷியனிடம் ரிலே (பேட்டரி கரண்டை நேராக லைட்டுக்குக் கொடுக்கும் சுவிட்ச்) போட்ட தனி ஒயரிங் கேளுங்க.