ஹைட்ரோஜெல்லுக்குள் மருந்தை வைத்து ஆறாத புண்ணை ஆற்ற இப்போதே முடியுமா?

உங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறது, பாதத்தில் புண் ஆறவில்லை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதுத் தசையையும் வளர்க்கும் ஹைட்ரோஜெல் சட்டகத்தை, அதாவது தசை பற்றி வளரத் தாங்கலாக நிற்கும் ஈரமான ஜெல்லை, வீடியோவில் பார்த்துவிட்டு, ஹட்டன் பக்கம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பேராதனையில் இரசாயனவியல் படித்து, ஜெல்களோடு வேலை செய்கிறவன். என் அம்மாவும் மலைக்குப் போனவர்தான்.

முதலில் பதில்: நீங்கள் பார்த்த வகை பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடத்திலும் பரிசோதனையிலும்தான் இருக்கிறது. பாமசியில் ஹைட்ரோஜெல் என்று டியூபில் வருவது வேறு. பொதுவாக அது காய்ந்த புண்ணை ஈரமாக வைத்திருப்பதற்கு. நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு ஏற்றதல்ல. ஆகவே டொக்டரிடம் கேட்காமல் வாங்கிப் பூச வேண்டாம்.

ஏன் இவ்வளவு தாமதம்? மருந்தை மெதுவாக விடுவது மட்டும் என்றால் எப்போதோ முடிந்துவிட்டது. 1960இல் ஒட்டோ விக்டெர்லே, லிம் என்ற செக் நாட்டு இரசாயனவியலாளர்கள் இருவரும் உடலுக்கு ஒத்துப்போகும் ஜெல்லை அறிவித்தார்கள். மென்மையான கொன்டாக்ட் லென்ஸ் அந்த வழியில் வந்ததுதான். அதே குடும்பத்து ஜெல்லில் செய்து, ஹிஸ்ட்ரெலின் என்ற ஹோர்மோன் மருந்தை உள்ளே வைத்த சிறு குழாய் ஒன்றுக்கு, வயதுக்கு முன்பே பருவமடையும் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் 2007இல் அனுமதி கிடைத்தது. கைத்தோலுக்கடியில் வைத்தால் ஒரு வருடம், நாளுக்குச் சுமார் 65 மைக்ரோகிராம் விடும். அப்புறம் வெளியே எடுத்துவிடுவார்கள்.

அந்தக் குழாய் மாறாமல் இருப்பதால்தான் மருந்தும் சீராக வருகிறது. புண்ணில் வைக்கும் சட்டகமோ கரைந்து, வளரும் தசைக்கு இடம்விட வேண்டும். கரையக் கரைய மருந்து வெளியேறும் வேகமும் மாறும். ஒரே பொருள் இருந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்க வேண்டும். எனக்கு இதுதான் இந்தத் துறையின் மிகக் கடினமான, மிக அழகான சிக்கல்.

அடுத்தது வலையின் கண். ஹைட்ரோஜெல் என்பது தண்ணீர் குடித்து ஊதிய பொலிமர் வலை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பின்னிய வலை. ஊதியபின் அதன் கண்கள் சில நனோமீற்றர் முதல் பல பத்து நனோமீற்றர் வரை விரியும். சிறிய மருந்து மூலக்கூறுகள் ஒரு நனோமீற்றர் அளவுதான். தேயிலை பெக்டரிச் சல்லடையில் டஸ்ட் தூள் இறங்குவது போல இறங்கிவிடும். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுவதும் உண்டு. அப்படி ஒரேயடியாக இறங்குவது ஆபத்தாகவும் முடியலாம். எலும்பு வளர்க்கும் பிஎம்பி-2 புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பில் வைக்க அமெரிக்கா 2002இல் அனுமதித்தது. உடலில் இயல்பாக இருப்பதைவிட அளவு மிக மிக அதிகம். அதைக் கழுத்தில் பயன்படுத்தியபோது வீக்கமும் மூச்சுத்திணறலும் வந்து, 2008இல் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

அதனால் மருந்தை வலையில் சும்மா போடாமல் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள். ஹெப்பரின் என்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை வலையில் பிணைத்தால் பல வளர்ச்சிப் புரதங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, உயிரணுக்கள் சுரக்கும் நொதியம் வெட்டினால் மட்டும் அவிழும் இணைப்பு. உயிரணு வந்து சேர்ந்த இடத்தில்தான் மருந்து வெளிவரும். ஆனால் சீனிப் புண்ணில் அந்த நொதியங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கும். சாதாரணமாக ஆறும் புண்ணில் வாரக்கணக்கில் நிற்கும் ஜெல் அங்கே சீக்கிரம் கரைந்துபோகலாம்.

சீனிக்காரரின் பாதப் புண்ணுக்கு, சட்டகம் இல்லாமல் வளர்ச்சிப் புரதம் கலந்த வெறும் ஜெல் மருந்து ஒன்று 1997இல் அமெரிக்காவில் வந்தது, பெக்காப்லெர்மின். நாளுக்கு ஒரு தடவை பூச வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கும் ஓர் அம்மாவுக்கு அது எவ்வளவு தூரம் சரிவரும்? ஒரு முறை வைத்தால் இரண்டு வாரம் நிற்கும் சட்டகம் கொழும்பில் இருப்பவரைவிட அவருக்குத்தான் அதிகம் தேவை. வேலையை விட்டு, மருந்து கட்ட டிஸ்பென்சரிக்கு ஏறி இறங்கும் காலுக்கு அது பெரிய ஆறுதல். அந்த நாள் வரும் என்று நம்பித்தான் வேலை செய்கிறேன்.

இப்போதைக்கு, சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பது, புண்மேல் பாரம் விழாமல் பார்ப்பது, காலின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதிப்பது, இந்த மூன்றையும் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். அட்டை கடித்த இடத்தையும் செருப்பு உரசிய இடத்தையும் தினமும் நீங்களே பாருங்கள், அம்மாவுக்கு அங்கே வலி தெரியாமல் இருக்கலாம். விரல் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.