"நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிற அப்பாவுக்கு

வணக்கம். 61 வயது அப்பாவுக்கு ரத்த அழுத்தம் 170/100, ஆனால் "தினமும் வயலுக்குப் போகிறேன், எனக்கென்ன நோய்?" என்று மாத்திரையை ஒதுக்குகிறார் என எழுதியிருந்தீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

நோய் இருந்தும் அது தெரியாமல் போவதைப் பற்றி 2002இல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எழுதினார். அன்று ஆயுள் நீண்ட கேரளத்தில்தான் நோயிருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். ஆயுள் குறைந்திருந்த பீகாரில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. படிப்பும் மருத்துவமனையும் அருகில் இருந்தால்தான் நோய் நோயாகத் தெரிகிறது.

அதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஒருவர் தன் உடல்நிலையைத் தானே மதிப்பிடுவதற்கும் அவருடைய ஆயுளுக்கும் தொடர்பு உண்டு என 1997இல் ஐட்லர், பென்யாமினி என்ற இரு ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். வயலுக்குப் போகும் வலு உண்மையான வலுதான். அதை மறுத்துப் பேசினால், அவர் உங்களையும் சேர்த்து மறுப்பார்.

ரத்த அழுத்தத்தைக் கையில் கட்டிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் அவரே பார்த்துத் தம் கையால் குறிக்கட்டும். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள், தாமதிக்க வேண்டாம். நெஞ்சுவலியோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் மரத்துப்போவதோ வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.