டிசம்பர் 31-உம் மாமனாரின் மூன்று லட்சமும்

(2025 கடைசியில் வந்த கடிதமும் அப்போது எழுதிய பதிலும். விலை, வரி, சலுகை எல்லாம் அந்த நேரத்துக் கணக்கு.)

கேள்வி: எனக்குப் பாளையங்கோட்டை பெருமாள்புரம். வேலை நாங்குநேரியில், போக வர தினமும் 60 கிலோமீட்டர். 14 லட்ச ரூபாயில் ஒரு மின்சாரக் கார் பார்த்து வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை சென்னை போவதால் பெரிய பேட்டரிதான் வேண்டும். தமிழக அரசின் சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிகிறது. நீட்டிப்பார்களா? மத்திய அரசு மானியம் ஏதாவது வருமா? தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் ஆலையில் தயாராகும் மின்சாரக் கார்கள் நமக்கு மலிவாகக் கிடைக்குமா? இப்போதே புக் பண்ணவா, சித்திரை வரை பொறுக்கவா? என் கணக்கு இது: வங்கிக் கடன் 7 லட்சம், கையிருப்பு 4 லட்சம், மாமனார் தர வேண்டிய பாக்கி 3 லட்சம். கல்யாணத்தில் நாங்களாக எதுவும் கேட்கவில்லை. அவர்களாகவே காருக்கு ஐந்து லட்சம் சொன்னார்கள். ரெண்டு வந்துவிட்டது, அது கையிருப்பில் இருக்கிறது. அவருக்கு வீரவநல்லூரில் மூன்று ஏக்கர் வயல். 2023 வெள்ளத்தில் பயிர் போனதால் இழுத்துவிட்டது. பிசானப் பருவ நெல் அறுவடை ஆனதும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டிசம்பருக்குள் வாங்குவதென்றால், மனைவியை விட்டுக் கொஞ்சம் முன்னதாகக் கேட்கச் சொல்ல வேண்டும்.

பதில்: மாமனாரின் மூன்று லட்சத்தை எடுத்துவிட்டு முதலில் கணக்குப் போடுங்கள் தம்பி. எப்போது புக் பண்ணுவது என்பதை அப்புறம் பேசலாம்.

அரசாங்கம் சலுகை கொடுக்குமா கொடுக்காதா என்று உங்களுக்கு ஆயிரம் சந்தேகம். மாமனார் கொடுப்பார் என்பதில் மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை. அவர் எங்கிருந்து கொடுப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மூன்று ஏக்கருக்கும் ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று தாராளமாகவே வைப்போம். 75 குவிண்டால். இந்த 2025-26 பருவத்தில் அரசுக் கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டைகூட வைக்காமல் அத்தனையையும் கொண்டுபோய்ப் போட்டாலும் 1,87,500 ரூபாய்தான் வருகிறது. உழவு, நடவுக்கூலி, உரம், மருந்து, அறுவடை மிஷின் வாடகை இதெல்லாம் இன்னும் கழிக்கவில்லை. நீங்கள் கேட்கும் பணம் அந்த வயலில் விளையவே விளையாது.

அதுவும் எந்த நேரத்தில் கேட்கப் போகிறீர்கள்? கார்த்திகை, மார்கழியில். பிசானத்துக்கு நட்டு, களை எடுத்து, உரம் வைக்கிற நேரம் அது. விவசாயி கையிலிருந்து பணம் போகிற மாசம். வருவது மாசி, பங்குனியில்தான். இப்போது கேட்டால் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் மாமியாரின் நகையை வைப்பார். அது போதாவிட்டால் வயல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளி வட்டிக்குப் போவார். உங்களிடம் மூச்சு விடமாட்டார். ‘ஏற்பாடு பண்ணிட்டேன் மாப்பிள்ளை’ என்பதோடு முடித்துக்கொள்வார்.

‘நாங்களாகக் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.’ இந்த வரி இல்லாமல் இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்ததே இல்லை. நிச்சயதார்த்தத்தன்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க, பெண்ணைப் பெற்றவர் தானாகவே வாய் திறந்து ஒரு தொகையைச் சொல்கிறார் என்றால், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒருவராவது அன்றைக்கு ‘வேண்டாம், பையன் சம்பாதிக்கிறான், அவனே வாங்கிக்குவான்’ என்று சொன்னீர்களா? சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி, கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். தண்டனை ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறை. வாய் திறந்து கேட்டாலே ஆறு மாசத்துக்குக் குறையாத சிறை உண்டு. வரதட்சணை தருவதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் எதுவும் செல்லாது. அதாவது, நீங்கள் பாக்கி என்று எழுதிய கடன் சட்டத்தின் முன்னால் இல்லவே இல்லை. ஏற்கெனவே வாங்கியதையும் பெண்ணின் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அதே சட்டம். ஆகவே அந்த ரெண்டு லட்சத்தையும் உங்கள் கையிருப்பிலிருந்து எடுங்கள். அது உங்கள் மனைவியின் பணம். அவர் பெயரில் வங்கியில் போடுங்கள்.

மனைவியை விட்டுக் கேட்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்குக் கேட்க வாய் வரவில்லை. வராமல் இருப்பது நல்லதுதான், மனசாட்சி இருக்கிறது. ஆனால் அதற்காக அந்தப் பிள்ளையை அனுப்புவதா? அவர் பஸ் ஏறி வீரவநல்லூர் போய், அடுப்படியில் அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்து, அப்பா வயலிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்காருகிற வரைக்கும் காத்திருந்து, ‘அவங்க கேக்கச் சொன்னாங்க’ என்று சொல்ல வேண்டும். பிறந்த வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கேட்பதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைக்க வைத்துவிட்டால், அப்புறம் அவருக்கென்று எந்த வீடு இருக்கிறது?

மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு மகன் என்று நம்புகிறவள் நான். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருகி வந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வாரம் மாசச் சம்பளக்காரரான நீங்கள் மாமனார் வீட்டுக்குப் போய், ‘மறுபடி நடுவதற்கு எவ்வளவு ஆகும் மாமா’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டீர்களா என்று எனக்கு நீங்கள் எழுதவில்லை. பணம் வரத் தாமதமானதற்குக் காரணமாகத்தான் அந்த வெள்ளத்தை எழுதியிருக்கிறீர்கள்.

சரி, காருக்கு வருவோம்.

மத்திய அரசு மானியத்துக்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். 2019-இலிருந்து 2024 மார்ச் வரை இருந்த, மின் வாகனங்களுக்கான இரண்டாம் கட்ட ஃபேம் மானியத் திட்டத்தில், கார்களில் வாடகைக்கு ஓடுபவற்றுக்குத்தான் மானியம் இருந்தது. சொந்தக் காருக்கு இல்லை. அதற்கு அடுத்து 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் மானியத் திட்டத்தில் கார்களையே சேர்க்கவில்லை. மின்சாரக் கார்க் கடன் வட்டிக்கு வருமான வரியில் தந்த ஒன்றரை லட்சம் கழிவும் 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களோடு சரி. மிச்சம் இருப்பது 5 சதவீத ஜிஎஸ்டி. அது எல்லாருக்கும் பொது. தூத்துக்குடி ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது நம் பிள்ளைகளின் வேலைக்கு நல்லது. ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நமக்குத் தனி விலை போட மாட்டார்கள்.

மாநில வரி விலக்குதான் உண்மையான பணம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18 சதவீதம். உங்கள் 14 லட்சம் காருக்கு 2,52,000 ரூபாய். இந்த விலக்கு முதலில் 2022 டிசம்பரோடு முடிய இருந்தது. அப்புறம் 2025 டிசம்பர் வரை நீட்டித்தார்கள். ஒருமுறை நீட்டித்ததால் மறுபடியும் நீட்டிப்பார்கள் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். மின்சார ஸ்கூட்டருக்கு, பேட்டரித் திறனில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் 15,000 ரூபாய் என்று இருந்த மத்திய அரசு மானியத்தை 2023 ஜூனில் 10,000 ஆக்கினார்கள். விலையில் 40 சதவீதம் வரை என்ற உச்சவரம்பும் 15 சதவீதத்துக்கு இறங்கியது. பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் அதே வண்டியைக் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள்.

இப்போது உங்கள் சொந்தக் கணக்கைப் பாருங்கள். கடன் 7 லட்சம், கையிருப்பு ரெண்டு லட்சம், ஆக 9 லட்சம். டாடாவின் டியாகோ மின்சாரக் கார் 8 லட்சத்திலிருந்து கிடைக்கிறது. தினமும் 60 கிலோமீட்டருக்குச் சிறிய பேட்டரியே போதும். ராத்திரி வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் காலையில் நிறைந்திருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த ஓட்டத்துக்கு ரெண்டு மாசத்தில் நானூறு யூனிட்டுக்கு மேல் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். அதையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, வந்தே பாரத் இருக்கிறது. வருஷத்தில் ரெண்டு பயணத்துக்காக 6 லட்சம் அதிகம் போட்டுப் பெரிய கார் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, 8 லட்சம் காருக்கு வரி 13 சதவீதம்தான். சலுகை கைவிட்டுப் போனாலும் உங்களுக்கு இழப்பு ஒரு லட்சத்துச் சொச்சம். அதற்காக யார் வீட்டு நகையும் அடகுக்குப் போக வேண்டியதில்லை.

எனவே சின்னக் காரை இந்த வாரமே புக் பண்ணுங்கள். வரியைப் பதிவின்போதுதான் பார்ப்பார்கள். புக்கிங் தேதி கணக்கில் வராது. டிசம்பர் 31-க்குள் பதிவு முடிய வேண்டும். எந்தத் தேதிக்குள் வண்டி தருவார்கள், தராவிட்டால் முன்பணம் முழுசாகத் திரும்புமா என்று ஷோரூமில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு ஷோரூம் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களே வீரவநல்லூர் போங்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ‘அந்த மூணு லட்சம் வேண்டாம் மாமா, இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதைப் போனில் சொல்லக் கூடாது. முந்தின நாளே உங்கள் அப்பா அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பணத்தை அவர்கள் பொங்கல் படியின்போது சம்பந்தியிடம் கேட்டுவிடக் கூடாது.